காரில் பேட்டரி லைட் எரிகிறதா? என் 6,800 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் புக் செய்யுங்கள்

ஆப்பில் புக் செய்தால் வீட்டுக்கே வந்து கார் பேட்டரி மாற்றித் தருகிறார்களே, அப்படி ஒரு சேவை. பெயர் வேண்டாம்.

திருச்சியில் ஓட்டும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி லைட் விட்டுவிட்டு எரிந்தது. யூனிஃபார்ம் போட்ட ஒரு தம்பி வந்தார். என்ஜினை அணைத்துவிட்டு டெஸ்டரை மாட்டினார். அதிலிருந்து வந்த சீட்டில் 'மாற்றவும்' என்று இருந்தது. ‘லைட்லயே பேட்டரி படம்தானே சார் இருக்கு’ என்றார். மெஷினே சீட்டு அடித்துத் தரும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்ததும் லைட் அணைந்தது. ‘பாத்தீங்களா சார்!’ அந்த முகத்தை மறக்கவே முடியவில்லை. 6,800 ரூபாய் அனுப்பினேன். வாரண்டி மிச்சமிருந்த பழைய பேட்டரியையும் எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துப் போய்விட்டார்.

அன்று ராத்திரியே மதுரை போகும் வழியில், துவரங்குறிச்சி தாண்டியதும் மறுபடி அதே லைட். ஹெட்லைட் மங்கியது, ஸ்டியரிங் இறுகியது, வண்டி நின்றுவிட்டது. லாரிகள் பறக்கிற ரோட்டில் குடும்பத்தோடு நின்றோம். மேலூருக்குக் கட்டி இழுத்துத்தான் போனோம்.

அங்கே எலக்ட்ரீஷியன் அண்ணன் என்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியது 12கூட இல்லை. ‘பேட்டரி புதுசுதான், அதுக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்ல கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு’ என்றார். பிரஷ் மாற்ற 1,100 ரூபாய், அவ்வளவுதான்.

கஸ்டமர் கேரில் கேட்டால், ‘நாங்க கொடுத்த பேட்டரி நல்லா இருக்குல்ல சார்?’ மறுபடி கேட்டால், வந்தவர் பார்ட்னராம், அவர்கள் ஊழியர் இல்லையாம். பழைய பேட்டரி ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு ஸ்டார் ரேட்டிங் வேறு கேட்கிறார்கள். 6,800 ரூபாய், சும்மா இல்லை!

சரி, என்ன செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: ஓடும்போது அந்த லைட் எரிந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் அர்த்தம். என்ஜின் ஓடும்போது வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட், பேட்டரி டெர்மினல், எர்த் வயரைப் பார்க்காதவனிடம் பணம் கொடுக்காதீர்கள். பழைய பேட்டரியை உடனே விட்டுவிடாதீர்கள். ராத்திரியில் லைட் எரிந்தால் ஏசியை அணைத்துவிட்டுப் பக்கத்து ஊரிலேயே நிறுத்திவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். சற்றுமுன் ஆப்காரர்களிடமிருந்து மெசேஜ்: அடுத்த பேட்டரிக்கு 200 ரூபாய் தள்ளுபடியாம்.