முதல் பதிப்பா, மறுபதிப்பா: ‘தி மங்க்ஸ்’ இசைத்தட்டு

அமெரிக்கப் படையில் பணியாற்றிய பின் மேற்கு ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட ஐவரின் ராக் குழுவான ‘தி மங்க்ஸ்’, 1966-இல் பாலிடார் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தை முதல் பதிப்பாகவும் வாங்கலாம், பிற்கால மறுபதிப்பாகவும் வாங்கலாம். அன்று அதிகம் விற்காததால் முதல் பதிப்பு அரிது. விலையும் மிக அதிகம். அதை வாங்குபவர் கறுப்பு உறையை மட்டும் நம்பிவிடாமல், லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும், தட்டு எந்த அச்சிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணைச் சாய்வான வெளிச்சத்தில் படித்துப் பார்க்க வேண்டும். பழைய ஊசிகள் தேய்த்த தட்டாக இருந்தால், டிரம்ஸும் மின்பேஞ்சோ என்ற தந்திக்கருவியும் ஓங்கி ஒலிக்கும் இடங்களில்தான் கரகரப்பு முதலில் தெரியும். மறுபதிப்பில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் எந்த ஒலிப்பதிவு நாடாவிலிருந்து, எவ்வளவு கவனத்தோடு தயாரித்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமையும். இந்த முரட்டு இசையைத் திரும்பத் திரும்பக் கேட்க விரும்புபவருக்கு நல்ல மறுபதிப்பையே தயங்காமல் பரிந்துரைப்பேன். முதல் பதிப்பு, 1966-ஆம் ஆண்டின் பொருளையே கையில் வைத்திருக்க விரும்பும் சேகரிப்பாளருக்கு உரியது.