வயலுக்குத் தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினா, சோலார் பம்பா?

டீசல் இன்ஜின் வாங்கும்போது மலிவு; ஓட்டும்போதுதான் கையைக் கடிக்கும். 5 எச்.பி. இன்ஜின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். பூவெடுக்கும் சமயத்தில் கையில் காசில்லாமல் ஒரு முறை தண்ணீர் விடுவதைத் தள்ளிப்போட்டால் பூ கொட்டிவிடும். மிச்சம் பிடித்த டீசலைவிட அந்த நஷ்டம் பெரிது. உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட்வால்வு கசிந்து குழாயில் காற்று ஏறினாலோ, இன்ஜின் ஓடும், தண்ணீர் வராது.

சோலாரில் நேர்மாறு. 3 எச்.பி. பம்புக்குச் சுமார் 3,000 வாட் பேனல் வேண்டும். போடவேண்டிய பணம் முழுவதும் முன்கூட்டியே போய்விடும். பிறகு இறைக்கிற தண்ணீருக்கு எரிபொருள் செலவே இல்லை. ஆனால் முழு வேகத்தில் இறைப்பது நல்ல வெயிலில் 5, 6 மணி நேரம்தான். காலையிலும் மாலையிலும் தண்ணீர் மெலியும். மேட்டில் தொட்டி இருந்தால் சமாளிக்கலாம். பேனலில் தூசி படிந்தாலும், ஓரத்தில் மர நிழல் விழுந்தாலும் ஓட்டம் குறையும். பேனல் மின்சாரத்தைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் பழுதானால் எல்லா மெக்கானிக்கும் கைவைக்க மாட்டார்கள். காசில்லாத தண்ணீர்தானே என்று இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு வற்றும்.

வருடம் முழுக்கக் காய்கறி போடுகிறவருக்குச் சோலார் கட்டுப்படியாகும். மானாவாரிப் பயிருக்கு ஓரிரு தண்ணீர் மட்டும் விடுகிறவருக்கு டீசல் போதும். சும்மா கிடக்கும் நாளில் இன்ஜினைப் பக்கத்து வயலுக்கு வாடகைக்கும் தூக்கிப் போகலாம்.