ஹெர்னியா மெஷ்: பிளாஸ்டிக்கா, மிருகத் தோலா, கரைந்துபோகும் ரகமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நம் குடும்பங்களில் யாருக்காவது ஹெர்னியா ஆப்பரேஷன் என்றால் எந்த டாக்டர், எந்த மருத்துவமனை, மெடிக்கல் எயிட் என்ற மருத்துவக் காப்பீடு எவ்வளவு கட்டும் என்றெல்லாம் நன்றாக விசாரிப்பார்கள். உள்ளே வைத்துத் தைக்கப்போகும் மெஷ் என்ற வலைத்துண்டு எதனால் செய்தது என்று மட்டும் கேட்பதில்லை. சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் பெரியப்பா வாழ்நாளில் மாட்டிறைச்சி தொடாதவர், புரட்டாசி முழுக்க விரதம் இருப்பவர். அவர் வயிற்றுக்குள் என்ன வைத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. இந்த மெஷ்களில் சில பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோலிலிருந்தும் வருகின்றன என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மெஷ் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் விட்டுக்கொடுத்து, அந்த ஓட்டை வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதுதான் ஹெர்னியா. வெறும் தையல் போட்டால் ஏற்கெனவே நைந்த சதையையே இழுத்துக் கட்டுகிறோம். இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் தையல் அதை அறுத்துக்கொண்டு வந்துவிடும். பழைய ஆப்பரேஷன் தழும்பில் வரும் ஹெர்னியாவைப் பற்றி நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் 10 ஆண்டுக் கணக்கு 2004-இல் வெளிவந்தது: தையல் மட்டும் போட்டவர்களில் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மெஷ் வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு. மெஷ் வைத்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பியிருக்கிறது, அதையும் கவனியுங்கள். தொடை மடிப்பில் வரும் சாதாரண ஹெர்னியாவில் நிலைமை இதைவிட எவ்வளவோ மேல்.

சரி, பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். பாலிப்ரொப்பிலீன் நூலில் பின்னிய வலை, அறுபதுகளிலிருந்து உபயோகத்தில் இருக்கிறது. உடம்பு இதைக் கரைக்காது. வலைக்கண்களுக்குள் தழும்புச் சதை வளர்ந்து, கான்கிரீட்டுக்குள் கம்பி மாதிரி, இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். இதில் முக்கியம் கண்ணின் அளவு. கண் சிறியதாக, நூல் தடியாக இருந்தால் தழும்பு ஒரே பலகையாக விறைத்துப்போய் குனியும்போதெல்லாம் இழுக்கும். கண் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வயிறு வளைந்து கொடுக்கும். கிருமி விஷயத்திலும் அப்படித்தான். பாக்டீரியா ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவுதான், எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். அதைத் தின்னும் நம் வெள்ளணுக்கள் நுழைய 75 மைக்ரானாவது வேண்டும். அதனால்தான் மிக நுண்ணிய துளைகள் கொண்ட டெஃப்லான் வகை மெஷ்ஷில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் வெளியே எடுத்துப்போட வேண்டியதாகிறது, பெரிய கண் பாலிப்ரொப்பிலீனைப் பல நேரம் காப்பாற்ற முடிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கிறது. பூச்சு இல்லாத பிளாஸ்டிக் நேராகக் குடலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிப்பது பெரிய பாடு. ஆனால் விலை? உகாண்டாவின் கிழக்கே 302 ஆண்களுக்குத் தொடை மடிப்பு ஹெர்னியாவில் ஒரு பாதிக்குக் கம்பெனி மெஷ்ஷும் மறு பாதிக்குக் கிருமி நீக்கிய கொசுவலைத் துணியும் வைத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவில், ஓர் ஆண்டு கழித்து இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நம் கண்டத்திலேயே நடந்த ஆய்வு இது, விலை கூடினால் தரமும் கூடும் என்று நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடுத்தது மிருகத்திலிருந்து வருவது. பன்றித் தோல், பன்றியின் சிறுகுடல் சவ்வு, மாட்டுக் கன்றின் தோல், நியூசிலாந்து ஆட்டின் இரைப்பை என்று பல வகை. செல்களையெல்லாம் கழுவி நீக்கிவிட்டு கொலாஜன் என்ற புரதச் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்; நம் செல்களும் ரத்தக் குழாய்களும் அதில் குடியேறி, மெதுவாக அதைத் தின்று, சொந்தச் சதையாக மாற்றிக்கொள்ளும் என்பது எண்ணம். கேட்க அழகாக இருக்கிறது. கிருமி பட்ட வயிற்றில் பிளாஸ்டிக் ஆபத்து, மிருகத் தோல்தான் பாதுகாப்பு என்று பல வருடம் நம்பி வாங்கினார்கள். அமெரிக்காவில் 253 பேரை வைத்து அதைச் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள்: குடல் திறந்து அசுத்தமான வயிறுகளில்கூட, இரண்டு ஆண்டில் ஹெர்னியா திரும்பியது பன்றித் தோல் வைத்தவர்களில் 20.5 சதவீதம், பாலிப்ரொப்பிலீன் வைத்தவர்களில் 5.6 சதவீதம். ஒரு மெஷ்ஷின் விலை முதலாவதற்கு சுமார் 21,500 டாலர், இரண்டாவதற்கு 105 டாலர்! உடம்பு அந்தத் தோலைத் தின்றுவிடுகிறது, பதிலுக்கு அதே பலத்தில் சதை கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இதோடு சமயக் கேள்வியும் இருக்கிறது. பன்றி என்றால் முஸ்லிம் நண்பர்களுக்குச் சங்கடம், மாடு என்றால் நம்மில் பலருக்குச் சங்கடம், சுத்த சைவக்காரருக்கு எல்லாமே சங்கடம். உயிர் போகும் நிலையில் ஏற்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அது அவரவர் முடிவு. என் வருத்தமெல்லாம், கேட்காமலேயே, மயக்கத்தில் படுத்திருக்கும்போது அந்த முடிவு நடந்துவிடக் கூடாது என்பதுதான். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள், கேட்பது நோயாளியின் உரிமை.

மூன்றாவது, கரைந்துபோகும் செயற்கை மெஷ். இதில் பி4எச்பி என்ற பாலிமரை பாக்டீரியாவை வைத்து நொதிக்க வைத்து எடுக்கிறார்கள், மாடும் இல்லை பன்றியும் இல்லை. 12 முதல் 18 மாதத்தில் கரைந்துவிடும், காலத்துக்கும் உடம்பில் அந்நியப் பொருள் கிடக்காது. மனதுக்குப் பிடித்த யோசனைதான், ஆனால் சிக்கல் அதிகமுள்ள 121 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் மூன்று ஆண்டில் சுமார் 18 சதவீதம் பேருக்குத் திரும்பியிருக்கிறது, அதில் ஒப்பிட வேறு குழுவும் இல்லை. விலை சாதாரணப் பிளாஸ்டிக்கைவிட மிக அதிகம். வாழ்நாள் முழுக்கப் பிளாஸ்டிக் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு, சாதாரண ஹெர்னியாவுக்கு, பெரிய கண் கொண்ட சாதாரண பாலிப்ரொப்பிலீனைத்தான் நான் சொல்வேன். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கிடைப்பதும் அதுதான், அதனால் அங்கே போகிறவர்கள் தங்களுக்கு மட்டமான பொருள் கிடைத்ததாக நினைத்து மனம் நோக வேண்டாம்.

தோலில் வரும் காயங்களின் விஷயம் வேறு. தீக்காயத்துக்கும் சர்க்கரைப் புண்ணுக்கும் வைக்கும் சட்டகங்கள் பாரம் தாங்க வேண்டியதில்லை, மேலே தோல் ஒட்ட ஒரு படுக்கை கொடுத்தால் போதும், அங்கே மிருகக் கொலாஜன் நன்றாகவே வேலை செய்கிறது. விஞ்ஞானி யானஸும் அறுவை மருத்துவர் பர்க்கும் பாஸ்டனில் உருவாக்கிய இன்டெக்ரா என்ற செயற்கைத் தோல் மாட்டுக் கொலாஜனும் சுறா மீன் குருத்தெலும்புச் சத்தும் சேர்ந்தது. அதை விரும்பாதவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் வந்த பிடிஎம் என்ற பாலியூரித்தேன் நுரை இருக்கிறது, மிருகப் பொருள் எதுவும் இல்லை.

அப்புறம் பணம். பெரியவர்களின் சிக்கலில்லாத ஹெர்னியா மெடிக்கல் எயிட்டின் கட்டாய அடிப்படைப் பட்டியலில் இல்லை. குடல் அடைபட்டாலோ அழுகினாலோதான் வரும். ஆகவே முன் அனுமதி வாங்கும்போதே மெஷ்ஷின் பெயரையும் விலையையும் எழுத்தில் கேளுங்கள், எந்த மிருகம் என்பதைச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பெட்டியோடு வரும் லேபிள் ஸ்டிக்கரில் ஒன்றை உங்கள் கையிலும் தரச் சொல்லி ஐடி புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை வயிற்றைத் திறக்க நேர்ந்தால் அந்த டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.