கார் மெழுகுக்கு ரோட்டரியா, டூயல் ஆக்ஷனா? சுழல் கீறல் விழாமல் காப்பது எது

கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திவிட்டு பானட்டைப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக நுண்ணிய கோடுகள் மின்னும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும்தான் கிடக்கின்றன; அவற்றில் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் பளிச்சிடுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவை. மெஷினில் மெழுகு போடும்போது புதிதாக எதுவும் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே இங்கே பேச்சு.

சந்தையில் மூன்று வகை மெஷின்கள் கிடைக்கின்றன: ரோட்டரி பாலிஷர், டூயல் ஆக்ஷன் எனப்படும் டி.ஏ. பாலிஷர், துணி உறை மாட்டிய மலிவான ஆர்பிட்டல் வேக்ஸர். நான் டி.ஏ. வாங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு போர்டிகோவிலேயே பயன்படுத்தி வருகிறேன். எனவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ரோட்டரியின் பேட், அதாவது முனையில் ஒட்டும் வட்ட மெத்தை, ஒரே அச்சில், ஒரே திசையில் சுழல்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 3000 சுற்று வரை வேகம் வைக்கலாம். சிராய்ப்புத் துகள் கலந்த காம்பவுண்டு பசையைத் தடவி ஆழமான கீறலைத் தேய்த்து எடுப்பதில் இதன் வேகம் மற்றவற்றுக்கு வராது; டிங்கரிங் பட்டறைகளில் இது நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் மெழுகு போடுவது தேய்த்து எடுக்கும் வேலை இல்லை. சிராய்ப்புத் துகள் கலக்காத மெழுகு, பெயின்ட்டின் மேல் மெல்லிய படலமாகப் பரவினால் போதும். அதற்குச் சூடும் தேவையில்லை, அழுத்தமும் தேவையில்லை. ரோட்டரியின் பலம் முழுவதும் இந்த வேலையில் வீணாகிறது, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. பேட் சற்றே சாய்ந்து ஒரு விளிம்பு பதிந்தால், அது போன வழியெல்லாம் பட்டை பட்டையாக மினுக்கும் ஹாலோகிராம் தடம் விழும். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கதவின் மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் அது இன்னும் மெலிந்திருக்கும். ஆங்கிள் கிரைண்டரில் கம்பளிப் பேட் மாட்டி பாலிஷ் போடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடும் அந்த மெஷினை மெழுகு வேலைக்கு அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது.

ஆர்பிட்டல் வேக்ஸர் ரோட்டரி போலச் சூடேறிப் பெயின்ட்டை எரிக்காது, விலையும் குறைவு. அதன் குறை உறையில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டி.ஏ. மெஷினில் பேட் இரண்டு விதமாக அசைகிறது. மையத்திலிருந்து விலகிய சிறு வட்டத்தில் அதிர்ந்துகொண்டே, தன் அச்சிலும் தானாகச் சுழல்கிறது. வட்ட வீச்சு 8, 15, 21 மில்லிமீட்டர் என்று மாடலுக்கு மாடல் மாறும். ஒரே தடத்தில் பேட் மீண்டும் மீண்டும் ஓடாததால் ஹாலோகிராம் விழ வாய்ப்பு மிகக் குறைவு. கை அழுத்தம் கூடினால் சுழற்சி நின்றுவிடும், அதிர்வு மட்டும் தொடரும். புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. பேட் ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், சுழல்கிறதா நின்றுவிட்டதா என்று ஓட்டத்திலேயே தெரியும். வளைவான இடங்களில் சுழற்சி அடிக்கடி நிற்கும். கீறல் எடுக்கும் வேலையில் அது குறைதான், மெழுகு பரப்புவதற்கு அது பொருட்டே இல்லை. மிகக் குறைந்த வேகமே போதும். நெடுநேரம் பிடித்தால் கை மரத்துப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இருந்தாலும், டி.ஏ. வாங்கிவிட்டால் கீறலே விழாது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். கீறலைப் போடுவது பேட்டுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கும் மணல். ரோட்டரியில் அது நீண்ட வளைவாகக் கீறும், டி.ஏ.வில் சின்னச் சின்ன வளையங்களாகக் கீறும். ஆகவே எந்த மெஷின் என்ற கேள்வி, எந்த மெஷினின் பேட்டை நம் ஊரில் சுத்தமாக வைத்திருக்க முடியும் என்ற கேள்வியில் போய் முடிகிறது. என் தேர்வைத் தீர்மானித்ததும் இதுதான்.

கடலோரத்தில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. வேக்ஸரின் துண்டுத் துணி உறையை அந்தத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் இழைகள் விறைத்துச் சொரசொரப்பாகிவிடும். கம்பளிப் பேட் ஈரத்தில் சிக்கலாகி, அடியில் புகுந்த மணலை விடாமல் பிடித்துக்கொள்ளும். டி.ஏ.வுடன் நான் பயன்படுத்தும் மெத்தென்ற ஃபினிஷிங் ஃபோம் பேட்டில் அழுக்கு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு விட்டு, முறுக்காமல் அமுக்கி அமுக்கிக் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன். பிறகு பேட்டை மெஷினில் மாட்டி, வெறும் வாளிக்குள் இறக்கிச் சில விநாடி ஓடவிட்டால் மிச்ச ஈரம் தெறித்துப்போகும். நிழலில் காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் போய்விட வேண்டும். போர்டிகோ அலமாரியில் திறந்து வைத்தால் கழுவியதற்கே பொருள் இல்லை. வேலை தொடங்கும் முன் பேட்டைக் கன்னத்தில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்ப்பேன். விரல் நுனிக்குத் தெரியாத ஒரு துகளும் கன்னத்தில் குத்தும்.

காருக்கு ஒரு பேட் போதாது. கூரை, பானட், கதவின் மேல்பாதி ஆகியவற்றுக்கு ஒன்று, சக்கரத்தை ஒட்டிய கீழ்ப்பகுதிக்கு வேறொன்று என்று பிரித்துவிடுவது நல்லது. தரையில் விழுந்த பேட்டைத் தட்டிவிட்டுத் தொடரக் கூடாது. அன்றைக்கு அதற்கு ஓய்வுதான். குறைந்த வேகத்தில் சூடேறாததால் ஃபோமும் பின்பக்க வெல்க்ரோவும் நீண்ட நாள் உழைக்கின்றன. மெஷினுக்குக் கொடுத்த கூடுதல் விலையில் ஒரு பகுதி இதில் திரும்பிவிடுகிறது.

நேரமும் முக்கியம். தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டியோ வீடு இருந்தால், கடல் காற்று எழுந்த பிறகு திறந்த இடத்தில் மெழுகு போடவே வேண்டாம். மெழுகு ஈரமாக இருக்கும்போதே மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். அதிகாலையில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். அதற்கு முன் ஷாம்புக்கு ஒன்று, துணியை அலச ஒன்று என்று இரண்டு வாளி வைத்துக் கழுவுவதும், விரலுக்குச் சொரசொரப்பு தட்டினால் ஒட்டிய துகளை எடுக்கும் க்ளே என்ற களிமண் போன்ற கட்டியைத் தேய்ப்பதும் எல்லோரும் அறிந்தவை. காய்ந்த மெழுகை எடுக்க எந்த மெஷினையும் நான் பயன்படுத்துவதில்லை. ஓரத்து லேபிளை வெட்டி எடுத்த மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, மெழுகு அப்பிய பக்கத்தை மாற்றி மாற்றிக் கையாலேயே துடைக்கிறேன்.

ரோட்டரியை நான் அதிகம் கையாண்டதில்லை. தேர்ந்த கைக்காரர்கள் அதில் தடமே தெரியாமல் முடிப்பதைப் பார்த்திருக்கிறேன்; அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு என் வாதம் பொருந்தாமல் போகலாம். செராமிக் கோட்டிங் போட்ட காரிலும் எனக்கு அனுபவமில்லை. ஏற்கெனவே கீறல் நிறைந்த காருக்கு மெழுகு தீர்வாகாது. நிரப்பும் பொருள் கலந்த மெழுகு கோடுகளைச் சில வாரங்கள் மறைக்கும், பிறகு அவை மீண்டும் தெரியும். அங்கே முதலில் கீறலைத் தேய்த்து எடுக்கும் பாலிஷ் தேவைப்படும், அதற்கும் டி.ஏ. மெஷினே கைகொடுக்கும். வெள்ளை அல்லது சில்வர் நிறக் கார் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மெழுகு போடுபவர் மெஷினுக்கே செலவழிக்க வேண்டாம். கையால் மெழுகு தடவும் சுத்தமான ஃபோம் அப்ளிகேட்டர் இரண்டும் நல்ல துணி நான்கும் அவருக்குப் போதும்.