பழைய டீசல் எஸ்டேட்: பெட்ரோல், ஹைப்ரிட்டோடு ஓர் ஒப்பீடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பணியிடம் மாறியது. அதுவரை ஒரு வழிக்கு 6 கி.மீ. ஆக இருந்த அன்றாடப் பயணம் 42 கி.மீ. ஆயிற்று; அதில் ஏறக்குறைய 30 கி.மீ. தடங்கலற்ற நெடுஞ்சாலை. புதுக் கார் வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டு சைக்கிள்களையும் ஒரு பெரிய நாயையும் ஏற்றிச் செல்லும் குடும்பம் என்பதால், எஸ்டேட் (கூரை பின்முனை வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் ஸ்டேஷன் வேகன்) உடலமைப்புதான் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. (எஸ்யூவி ஏன் வேண்டாம் என்று கேட்பவர்கள், முப்பது கிலோ எடையுள்ள வயதான நாயை அதன் டிக்கியில் தினமும் தூக்கி ஏற்றிப் பார்க்கலாம்.) எந்த எஞ்சின் என்பது மட்டுமே கேள்வியாக இருந்தது.

இறுதிச் சுற்றுக்கு வந்தவை மூன்று. மூன்றாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டின் 2.0 டிடிஐ டீசல், அதே காரின் 1.4 டிஎஸ்ஐ பெட்ரோல், அதே காலத்து டொயோட்டா ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது). மூன்றும் 2013 வாக்கில் சந்தைக்கு வந்தவை. நான் டீசலை வாங்கினேன் என்பதையும், இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அனைவரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். இடவசதியில் ஆக்டேவியா 610 லிட்டர், ஆரிஸ் 530 லிட்டர். பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் ஹைப்ரிட்டில் டிக்கி குறைவதில்லை. முறுக்குவிசையில் 150 குதிரைத்திறன் டீசல் 320 நியூட்டன் மீட்டர் தருகிறது, பெட்ரோல் 250. நான்கு பேரும் மூட்டை முடிச்சுகளுமாக மேட்டில் ஏறும்போது இந்த வேறுபாடு காலுக்குத் தெரியும். தனியாக அலுவலகம் செல்லும்போது தெரியாது. எரிபொருள் சிக்கனத்தில், என் பாதையில் டீசல் லிட்டருக்கு 19 கி.மீ. தருகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் ஆற்றல் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். முழுப் பெருமையும் எஞ்சினுக்கு உரியதன்று.

பெட்ரோல் எஸ்டேட்டைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அமைதியாக ஓடுகிறது, குளிரில் விரைவாகச் சூடேறுகிறது, சிறு தூரங்களைப் பொறுத்துக்கொள்கிறது. நேரடியாக உருளைக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சின் என்பதால், உள்ளிழுப்பு வால்வுகளைக் கழுவ அங்கே பெட்ரோல் வருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின்மேல் கரி படியக்கூடும். அதைத் தவிர, சர்வீஸ் ஒழுங்காக நடந்திருந்தால் அஞ்சுவதற்கு அதில் ஏதும் இல்லை. நாளொன்றுக்கு 84 கி.மீ. என்ற என் ஓட்டத்துக்கு எரிபொருள் செலவு மட்டுமே அதைப் பின்னுக்குத் தள்ளியது.

ஹைப்ரிட்டைப் பொறுத்தவரை என் அனுபவம் ஒரு நண்பரின் வண்டியை வாரக் கடைசியில் இரண்டு நாள் ஓட்டியதோடு சரி. ஆகவே என் சொல்லை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவும். நெரிசலில் அது மிக இனிமையான வாகனம். டொயோட்டாவின் அமைப்பில் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. கெட்டுப்போவதற்குரிய பொருள்களே குறைவு. பிரேக் பிடிக்கும்போது பெரும்பகுதி வேகத்தை மோட்டாரே மின்சாரமாக மாற்றிக்கொள்வதால் பிரேக் பேடுகளும் நீண்ட நாள் உழைக்கும். வாங்குபவர்கள் பின்னிருக்கையின் ஓரத்தில் உள்ள பேட்டரியின் காற்றுத் துவாரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாய் வளர்ப்பவர் விற்கும் வண்டியானால் அங்கே உரோமம் அடைத்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒரே சீரான நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் பிடிப்பது அரிது. பிரேக் பிடிக்காத இடத்தில் மீட்டெடுக்க ஆற்றலும் இல்லை. என் பயணத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அத்தகைய சாலை. பயணம் நகருக்குள்ளேயே முடிவதாக இருந்திருந்தால் மறுபேச்சின்றி இதைத்தான் வாங்கியிருப்பேன்.

இனி டீசல். இதில் வாங்குபவரின் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது மைலேஜோ பிக்கப்போ அல்ல. டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டிதான். ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளான யூரோ 5 வந்த 2009-க்குப் பிறகு டீசல் கார்களில் இது தவிர்க்க முடியாத உறுப்பாகிவிட்டது. எஞ்சினிலிருந்து வரும் கரியை ஒரு பீங்கான் தேன்கூடு பிடித்துவைத்துக்கொள்கிறது. பிடித்ததை அவ்வப்போது எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது. நெடுஞ்சாலையில் புகைக்குழாய் நன்றாகச் சூடாக இருக்கும்போது ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். எஞ்சியதற்காக, கணினி சிறிது டீசலைப் பிந்திய கட்டத்தில் பீய்ச்சி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியசுக்கு உயர்த்துகிறது. இந்த எரிப்பு முடிய 10 முதல் 20 நிமிடம் வரை வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கல் அந்த 20 நிமிடத்தில்தான் இருக்கிறது. என் முந்தைய கார் ஒரு சிறிய டீசல் ஹேட்ச்பேக். காலையில் 6 கி.மீ., மாலையில் 6 கி.மீ.; எஞ்சின் ஒழுங்காகச் சூடேறுவதற்குள் நான் அலுவலக வாசலில் நிறுத்திவிடுவேன். எரிப்பு தொடங்கும், நான் சாவியைத் திருப்புவேன், பாதியில் நிற்கும். மறுநாள் மறுபடி தொடங்கும். நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி வேகமாகச் சுற்றுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது எரிப்பு பாதியில் அறுந்ததன் அடையாளம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அடுத்த வாரம் வண்டி வேகமெடுக்க மறுத்தது. வடிகட்டியை மாற்ற ஆன செலவு அந்தக் காரின் அன்றைய மதிப்பில் ஆறில் ஒரு பங்கு. தவறு காருடையதன்று, அதை அந்தப் பயணத்துக்கு வாங்கிய என்னுடையது.

அந்த அடி வாங்கியிருந்ததால்தான், இந்த முறை பார்த்த முதல் டீசல் எஸ்டேட்டை வாங்காமல் தப்பித்தேன். எட்டு வயதான அந்த வண்டி 62,000 கி.மீ. மட்டுமே ஓடியிருந்தது. பெயின்டில் கீறல் இல்லை, இருக்கையின் உறைகூடக் கசங்கவில்லை. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக மட்டுமே ஓடியது என்று விற்பவர் பெருமையோடு சொன்னார். உடன் வந்த மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. கம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார்: டீசல் வாசனை. எரிப்புக்காகப் பீய்ச்சப்பட்ட டீசல், எரிப்பு முடியாமல் போகும்போது உருளைச் சுவர் வழியே ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. பிறகு சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். நுனி மையைத் தொட்டதுபோல் கறுத்திருந்தது. வடிகட்டி நலமாக உள்ள வண்டியில் அந்தக் குழாய் சாம்பல் நிறத்தில் வறண்டிருக்க வேண்டும். கரி ஒட்டுகிறது என்றால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ அதைக் குடைந்து எறிந்துவிட்டார்கள்.

நான் வாங்கியது 1,78,000 கி.மீ. ஓடிய ஏழு வயது வண்டி. ஓட்டுநர் இருக்கையின் ஓரம் தேய்ந்திருந்தது, முன் பம்பரெங்கும் கல் பட்ட புள்ளிகள். ஆண்டுக்கு 25,000 கி.மீ. என்றால் அது பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம். எஞ்சின் ஒவ்வொரு நாளும் முழுச் சூட்டைப் பார்த்திருக்கும். பழைய கார் வாங்குவதில் ஓடோமீட்டர் குறைவாக இருப்பதே நல்லது என்று நமக்குள் ஊறிப்போன கணக்கு, டீசலில் தலைகீழாகிவிடுகிறது. குறைந்த ஓட்டத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், பல வேளைகளில் அடைபட்ட வடிகட்டிக்குத்தான் அந்தக் கூடுதலைக் கொடுக்கிறார்.

ஆனால் அதிக ஓட்டத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வடிகட்டியில் சேர்வது இரண்டு பொருள்கள்: கரி, சாம்பல். கரி டீசலிலிருந்து வருவது, எரிந்துபோகும். சாம்பல் எஞ்சின் ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வருவது. எத்தனை டிகிரியிலும் எரியாது, ஓட்டத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். இதனால்தான் இந்த எஞ்சின்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரக்குறியீடு குறித்திருக்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருக்கிறதா என்பதோடு, பில்லில் எந்த ஆயில் எழுதியிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். ஸ்கேனரை இணைத்தால் இந்த வண்டியின் கணினி மூன்று எண்களைத் தரும்: இப்போதுள்ள கரி எத்தனை கிராம், சேர்ந்துள்ள சாம்பல் எவ்வளவு, கடைசி எரிப்புக்குப் பின் ஓடிய தூரம் எவ்வளவு. முதல் எண் ஏறி இறங்கக்கூடியது. அதைக் கண்டு மிரள வேண்டாம். இரண்டாவதே வடிகட்டியின் உண்மையான வயது. என் வண்டியில் அது அனுமதிக்கப்பட்ட அளவில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேசினேன்.

வாங்கியபின் 41,000 கி.மீ. ஓட்டிவிட்டேன். எரிப்பு சராசரியாக 400 முதல் 500 கி.மீ.க்கு ஒருமுறை வருகிறது. அப்போது, நியூட்ரலில் நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்க வேண்டிய எஞ்சின் 1,000 சுற்றில் நிற்கும், சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, இலேசான சூட்டு வாடை வரும். வீட்டை நெருங்கும்போது இவற்றைக் கண்டால், நிறுத்தாமல் நெடுஞ்சாலைக்குத் திரும்பிப் பத்து நிமிடம் சுற்றிவிட்டு வருவேன். இரண்டு ஆண்டுகளில் அப்படி ஐந்தாறு முறைதான் நேர்ந்தது.

மற்றப் பராமரிப்புச் செலவுகள் வடிகட்டியின் அளவுக்கு ஆளைத் திகைக்க வைப்பவை அல்ல. டைமிங் பெல்ட்டைத் தண்ணீர் பம்போடு சேர்த்து மாற்ற வேண்டும். கிளட்ச் தேயும்போது, அதோடு சேர்ந்த இரட்டை நிறைச் சமனுருளையும் (எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல்) பெரும்பாலும் போயிருக்கும். எஞ்சினை அணைக்கும் நொடியில் கடகடவென்ற ஓசை கேட்டால் அந்தச் செலவைக் கணக்கில் கழித்தே விலை பேச வேண்டும். நான் கையால் கியர் மாற்றும் வண்டியையே எடுத்தேன். ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு வேக தானியங்கி கியர்பெட்டி வாங்குபவர்கள், 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அதன் ஆயில் மாற்றப்பட்டதற்கான ரசீதைக் கேட்க வேண்டும். அடுத்த கட்ட விதியான யூரோ 6-க்கு உட்பட்ட டீசல் வண்டிகள் பலவற்றில், புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ எனும் 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டி இருக்கும். என் வண்டியில் அது இல்லை. அதன் பம்பும் உணரிகளும் வயதான பின் தொல்லை தரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, சொந்த அனுபவம் கிடையாது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் முந்தைய இஏ189 டீசல் எஞ்சின் கொண்ட வண்டியைப் பார்ப்பவர்கள், 2015-இல் அம்பலமான புகைச் சோதனை மோசடிக்குப் பின் வந்த மென்பொருள் திருத்தம் அதில் செய்யப்பட்டதா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

மறுவிற்பனையில் டீசல் தோற்கிறது, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. லண்டன் நகரம் 2019-இல் கொண்டுவந்த குறைபுகை மண்டலத்தில் கட்டணமின்றி நுழைய டீசல் கார் யூரோ 6 ஆக இருக்க வேண்டும். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். அதாவது ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆக்டேவியாக்களில் ஒன்று தடையின்றிச் செல்லும், மற்றொன்று கட்டணம் செலுத்தும். இதுபோன்ற விதிகள் பரவப் பரவ யூரோ 5 டீசலை விற்பது கடினமாகும். இந்த வீழ்ச்சியே நான் வாங்கும்போது எனக்குச் சாதகமாயிற்று: அதே வயதுப் பெட்ரோல் வண்டியைவிடத் தெளிவாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. நான் இதை விற்பதற்காக வாங்கவில்லை. மூன்று ஆண்டில் மாற்ற நினைப்பவர் பெட்ரோல் எஸ்டேட்டை எடுத்துக்கொள்வதே சரி.

ஒரு வழிப் பயணம் 15 கி.மீ.க்குக் குறைவு, அதிலும் முழுவதும் சிக்னல்கள் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் டீசலைத் தொட வேண்டாம் என்பேன். 15-க்கும் 25-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறையேனும் நீண்ட ஓட்டம் உண்டா என்பதைப் பொறுத்தது அது. எனக்கு டைமிங் பெல்ட் மாற்றும் கெடு அடுத்த மாதம் வருகிறது. அப்போது மறுபடி ஸ்கேனரை மாட்டி, சாம்பல் கணக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.