மொரீசியஸில் கடலோர மனை: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனிக்கவும்

நேற்றுக் காலை செய்தித்தாளை உதறியபோது உள்ளிருந்து ஒரு வழவழப்பான நோட்டீஸ் விழுந்தது. 'ஓய்வுக்காலம் தமிழ் மணக்கும் தீவில்' என்று தலைப்பு. காவடி தூக்கிய ஒருவர், பின்னால் பச்சை மலை, ஓரத்தில் நீலக் கடல். கம்பெனியின் பெயர் மாறியிருக்கிறது, படம் மாறவில்லை. அந்தக் காவடிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். 2023-இல் என்னிடமிருந்து நாலரை லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்ட நோட்டீஸிலும் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். வரும் ஞாயிறு புதுச்சேரியில் கூட்டமாம், அனுமதி இலவசமாம், தேநீரும் உண்டாம். அந்தத் தேநீரை நான் குடித்திருக்கிறேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

வெட்கம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, நான்கு எல்லை சரியாக இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஊர்க்காரர்களின் பொறுமையைச் சோதித்தவன். புறம்போக்கை விற்க வந்தவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று ஓய்வுபெறும் விழாவில் பெருமையாகப் பேசியவன். அப்படிப்பட்டவனுக்கு இந்துமாக்கடலின் நடுவில் புறம்போக்கை விற்றிருக்கிறார்கள்.

மனைவி அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். மகன் பெங்களூரில், மகள் துபாயில். தானே புயலில் வீட்டுப் பலா மரம் மதில்மேல் விழுந்த நாளிலிருந்தே மஞ்சக்குப்பம் வீட்டை விட்டு எங்கேயாவது போய்விடலாம் என்ற பேச்சு எங்களுக்குள் இருந்தது. அவருக்கு மூன்று நிபந்தனைகள்: கடல் வேண்டும், முருகன் கோயில் வேண்டும், சித்திரை மாதப் புழுக்கம் கூடாது.

கூட்டம் புதுச்சேரிக் கடற்கரை அருகே ஒரு ஓட்டல் அரங்கில் நடந்தது. அறுபது பேர் இருந்திருப்போம், பெரும்பாலும் நரைத்த தலைகள். பேசிய இளைஞர் கெட்டிக்காரர். 1735-இல் அந்தத் தீவுக்கு ஆளுநராகப் போன லபூர்தொனே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அழைத்துப்போனதில் ஆரம்பித்தார். "இதோ பக்கத்திலேயே அவர் பெயரில் வீதி இருக்கிறதே, நடந்தே போய்ப் பார்க்கலாம்" என்றார். அது உண்மை. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை என்றார். அதுவும் உண்மை. பிறகு ஆளுக்கு ஒரு 100 ரூபாய்த் தாளைக் கையில் கொடுத்தார், மொரீசியஸ் ரூபாய். அதில் ஆங்கிலத்துக்கு அடுத்து 'நூறு ரூபாய்' என்று தமிழில் எழுதியிருந்தது, தமிழ் எண்கூட இருந்தது. தாளில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வழிவந்த வழக்கறிஞர், அரசியல்வாதி. 1998-இல் தேவநாகரி வரியைத் தமிழுக்கு மேலே ஏற்றி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்துக் கிளம்ப, அரசு அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றுவிட்டது என்ற கதையையும் சொன்னார். அரங்கமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அந்த நூறு ரூபாய்த் தாளில்தான் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சரிபார்க்கவில்லை. தமிழில் எழுதிய பணம் இருக்கும் ஊரில் யார் நம்மை ஏமாற்றப்போகிறார்கள் என்ற நினைப்பு. தமிழில் எழுதிய எத்தனை போலிப் பத்திரங்களைப் பார்த்தவன் நான்!

முதலில் 25,000 ரூபாய் பதிவுக் கட்டணம். அடுத்த வாரம் 1,25,000 ரூபாய் 'கோப்புக் கட்டணம்', அதாவது ஓய்வுபெற்ற வெளிநாட்டினருக்கான குடியிருப்பு அனுமதிக்கு எங்கள் சார்பில் விண்ணப்பிப்பதற்கு. முதல் சந்திப்பில் 'சார்' என்றவர் மூன்றாம் சந்திப்பில் 'அப்பா' என்றார். மனைவிக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான்.

மே மாதம் எங்கள் சொந்தச் செலவில் எட்டு நாள் போய்வந்தோம். ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தையில் நெல்லிக்காய் அளவு பருப்பு வடையைச் சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுத்து, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து நசுக்கிக் கொடுக்கிறார்கள். 'காத்தோ பிமா' என்று பெயர். கடித்தால் நம் வீட்டுச் சோம்பும் பச்சை மிளகாயும்! சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜும்மா மசூதி, அதைத் தாண்டினால் சீனர் கடைவீதி. சேன்ட் குவாவில் பெர் லவால் என்ற பாதிரியாரின் சமாதிக்கு எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு போகிறார்கள், நம் வேளாங்கண்ணி மாதிரி. ரூபாய்த் தாள்களிலேயே இந்தக் கலவை தெரிகிறது: 25-இல் சீன வம்சாவளியினர், 100-இல் தமிழர், 200-இல் முஸ்லிம் தலைவர், 1,000-இல் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் இனத் தலைவர்.

ஆனால் எங்களை அழைத்துப்போன டாக்ஸிக்காரருக்குப் பெயர் முருகனுடையது, நெற்றியில் விபூதி, தமிழ் மட்டும் வரவில்லை. 'வணக்கம்', 'அரோகரா', அதற்குமேல் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். தப்பு அவருடையதல்ல. அங்கே வீட்டிலும் தெருவிலும் எல்லா இனத்தாரும் பேசுவது கிரியோல், காகிதத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும். 'தமிழிலேயே காலம் தள்ளலாம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. மனைவி இரண்டாம் நாளே சொன்னார்: "பக்கத்து வீட்டில் ஒரு கறிவேப்பிலை கேட்கவே நான் இன்னொரு மொழி படிக்க வேண்டும் போலிருக்கிறது." சொல்லிவிட்டு ஒரு கிரியோல் பாடப் புத்தகமும் வாங்கிக்கொண்டார். ஆசிரியை அல்லவா.

நான்காம் நாள் மனையைக் காட்டினார்கள். மேற்குக் கரையில், அலை நுரைக்கும் இடத்திலிருந்து ஐம்பது அடி எடுத்து வைத்திருப்பேன், அவ்வளவுதான். சவுக்கு மரங்கள், காலடியில் சவுக்கு ஊசி மெத்தை. அப்படியே நம் சாமியார்பேட்டை. அங்கே நிலத்தைப் பெர்ஷ் கணக்கில் அளக்கிறார்கள், ஒரு பெர்ஷ் நம் சென்ட்டைவிடக் கொஞ்சம் பெரிது. 12 பெர்ஷ், 38 லட்சம் ரூபாய், மனை வாங்கினால்தான் குடியிருப்பு அனுமதி சீக்கிரம் வரும் என்றார்கள். ஊர் திரும்பியதும் 3 லட்சம் முன்பணம் கொடுத்தேன். காசோலையைக் கம்பெனியின் பெயரில் கேட்கவில்லை, ஒரு தனிநபர் பெயரில் கேட்டார்கள். எழுதியும் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து 'பத்திர நகல்' என்று ஏழு பக்கம் வந்தது, முழுக்கப் பிரெஞ்சு. முதல் பக்கத் தலைப்பில் எனக்குப் படிக்க முடிந்த ஒரே சொல் ஆங்கில 'பெயில்' மாதிரி இருந்தது. நிலப் பத்திரத்தில் ஜாமீனுக்கு என்ன வேலை? முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்போமே, அந்த வகை. அவரிடம் எடுத்துப்போனேன். கண்ணாடியை மாட்டி இரண்டு வரி படித்தார்.

"பெயில் இல்லை சார், 'பாய்'. குத்தகை என்று அர்த்தம்."

மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். 'பா ஜெயோமெத்ரிக்' என்று இருந்தது. சிரித்துவிட்டார். அரசர் காலத்துச் சட்டமாம் அது. கடற்கரை ஓரமாக ஐம்பது 'பா', அதாவது ஐம்பது தப்படி, அரசனுக்குச் சொந்தம். இன்றும் மொரீசியஸில் கடல் ஏறிவரும் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நோக்கி 81.21 மீட்டர் அரசு நிலம். குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது. "பக்கத்துப் பிரெஞ்சுத் தீவு ரீயூனியனிலும் இதே சட்டம்தான். என் மகன் அங்கே சேன்ட் தெனியில் இருக்கிறான், அவனுக்கே கடலோரம் கிடைக்கவில்லை" என்றார்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. கடற்கரைப் புறம்போக்கு! அலைக்கும் எனக்கும் நடுவே ஐம்பது அடிதான் என்று மகிழ்ந்தேனே, அந்த மகிழ்ச்சியே சாட்சி.

அதற்கப்புறம் பழைய குமாஸ்தா விழித்துக்கொண்டான். இரண்டு இரவு உட்கார்ந்து அந்நாட்டு விதிகளைப் படித்தேன். வெளிநாட்டினர் சொத்து வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1975-இலிருந்து இருக்கிறது. நம் போன்றவர்கள் கண்ட மனையை வாங்க முடியாது. அரசு ஒப்புதல் பெற்ற திட்டங்களில் வாங்கலாம். அல்லது தரைத்தளத்துக்கு மேல் குறைந்தது இரண்டு மாடி உள்ள கட்டடத்தில் அடுக்ககம் வாங்கலாம், அதன் விலை 60 லட்சம் மொரீசியஸ் ரூபாய்க்குக் குறையக் கூடாது. பத்திரத்தை நோத்தேர் என்னும் அதிகாரம் பெற்ற பத்திர வழக்கறிஞர்தான் முடிக்க வேண்டும். என் ஏழு பக்கத்தில் அப்படி ஒருவருடைய கையெழுத்தே இல்லை.

குடியிருப்பு அனுமதிக்கோ மனையே தேவையில்லை. 50 வயது நிறைந்திருக்க வேண்டும், மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை அங்குள்ள வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், பத்து ஆண்டுக்கு அனுமதி. 2023-இல் அந்தத் தொகை 1,500 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். எங்கள் இருவரின் ஓய்வூதியத்தையும் சேர்த்தாலும் அதை எட்டாது. இதை முன்பே கேட்டதற்கு, "பேங்க்கில் சுற்றிக் காட்டிக்கொள்ளலாம் அப்பா" என்று பதில் சொல்லியிருந்தார். அந்தப் பதிலைக் கேட்ட அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை அந்நாட்டுப் பொருளாதார மேம்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் நாமே போடலாம். என் பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று எழுதிக் கேட்டேன். எதுவும் இல்லை என்று பதில் வந்தது. 1,25,000 ரூபாய்க் கோப்பு ஒருபோதும் திறக்கப்படவே இல்லை.

மீதி 35 லட்சத்தை ரூபாயாகப் புதுச்சேரியிலேயே கொடுத்துவிடுங்கள், அங்கே நாங்கள் சரிக்கட்டிக்கொள்கிறோம் என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினார்கள். வங்கி மேலாளரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், அதற்கு வங்கி வழிதான், படிவம் உண்டு, பெரிய தொகைக்கு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், பிறகு வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். இங்கே கையில் கொடுத்து அங்கே சொத்து வாங்கினால் சட்டம் அவர்களை விட்டுவிட்டு முதலில் என்னைத்தான் கேட்கும் என்றார்.

இன்னும் ஒன்று, யாரும் கூட்டத்தில் சொல்லாதது. நம் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டு அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக். இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஜிப்மரை விட்டு ஆறு மணி நேர விமானத் தூரம் போவதைக் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம், 'புயலே இல்லாத தீவு' என்றார்களே, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். நமக்குக் கூண்டு ஏற்றுவதுபோல் அங்கே நான்கு படி எச்சரிக்கை விடுகிறார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மனைவி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'அப்பா' மறுபடி 'சார்' ஆனார். பிறகு எண் மாறியது, பிறகு அலுவலகம் பூட்டப்பட்டது. காவல் நிலையத்தில், கூட்டம் நடந்தது புதுச்சேரியில், அங்கே போங்கள் என்றார்கள். புதுச்சேரியில், நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், காசோலை மாறியது கடலூரில் என்றார்கள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் 22 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வந்து காலாவதியாகிவிடுவேன் என்று தோன்றியது. ஒருவழியாகப் புகார் பதிவானதும் 90,000 ரூபாய் மட்டும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது, விளக்கம் எதுவும் இல்லாமல்.

மீதிக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். இது பலருக்குத் தெரியவில்லை: 2019 சட்டப்படி எதிர்த்தரப்பு எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நானே எழுதிக் கொடுத்தேன். ரசீதுகள், காசோலை நகல், வாட்ஸ்அப் செய்திகள், அந்தக் காவடி நோட்டீஸ், எல்லாம் இணைப்பு. இணைப்புப் பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு முறை எதிர்த்தரப்பு வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு நேற்று வந்த புது நோட்டீஸையும் சேர்க்கப்போகிறேன்.

உங்களில் யாராவது அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பணம் கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரே ஆள்மேல் பல புகார் என்றால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மனைவிக்குக் கிரியோல் பாடம் பாதிப் புத்தகம் முடிந்துவிட்டது. அடுத்த தைப்பூசத்துக்குப் பதினைந்து நாள் சுற்றுலாவாகப் போய்வரலாம் என்கிறார், இந்தியர்களுக்கு விசாவும் தேவையில்லை. விடுதியை அவரே பார்த்து வைத்திருக்கிறார். கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். இருநூறு மீட்டராம்.