லேசர் வந்தும் தலை தப்பவில்லை: நம்ம ஊர் தியேட்டரில் பழைய படம் பார்ப்பது பற்றி

வரும் ஞாயிறு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சிறப்புக் காட்சியாகப் போடுகிறார்களாமே, ராமநாதபுரத்திலேயே பார்க்கலாமா, மதுரைக்குத்தான் போகணுமா என்று தேவிபட்டினத்து நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது, அதனால் எல்லோருக்குமாகப் போடுகிறேன். தியேட்டர் பெயர் வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தைத் திருத்தினால் இந்தக் கரையோரத்தில் இதைவிட நல்ல தியேட்டர் இல்லை என்று சொல்லத்தக்க இடம் அது.

முதலில் நல்லது. ப்ரொஜெக்டரில் வெளிச்சம் தரும் பழைய வகை விளக்கான செனான் லேம்பை எடுத்துவிட்டு லேசர் ப்ரொஜெக்டர் போட்டது உண்மையிலேயே பெரிய மாற்றம். செனான் லேம்ப் ஓட ஓட வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். மாற்ற வேண்டிய நேரம் தாண்டியும் ஓட்டுவார்கள். இரவுக் காட்சியில் யார் நிற்கிறார், யார் ஓடுகிறார் என்றே தெரியாது. திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பெர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இப்போது இருட்டுக் காட்சியிலும் முகம் தெரிகிறது. கூடவே 3டி காலத்து வெள்ளித் திரையையும் கழற்றி, சாதாரண வெள்ளைத் திரை கட்டியிருக்கிறார்கள். வெள்ளித் திரையில் நடுவே பளீரென்றும் ஓரங்கள் மங்கலாகவும் இருக்கும். ஓரத்து சீட்டில் உட்கார்ந்தால் பாதிப் படம் சாம்பல். அந்தத் தொல்லை போயே போய்விட்டது.

கரண்ட் போனாலும் முன்பு போல இல்லை. செனான் அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பற்றவைக்க முடியும். லேசருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, ஜெனரேட்டர் பிடித்ததும் வெளிச்சம் வந்துவிடும். படத்தை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரின் யூபிஎஸ் பலவீனமாக இருந்தால்தான் சர்வர் மறுபடி கிளம்பச் சில நிமிடம் பிடிக்கும். வசனம் தெளிவு. பின்பக்கம் இடதுபுற ஸ்பீக்கர் ஒன்று அவ்வப்போது உறுமும். உப்புக் காற்றில் இணைப்பு முனை பச்சை பிடிப்பது இந்தப் பக்கம் எல்லா தியேட்டரிலும் உண்டு, அதைப் பெரிய குறையாக எழுத மாட்டேன். விலையும் இறங்கியிருக்கிறது: 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது.

இனி குறை. ஒன்றுதான், ஆனால் வருடக்கணக்காக அதே குறை.

படத்தின் டிஜிட்டல் பிரதி இரண்டு சட்டத்தில், அதாவது இரண்டு அகல உயர அளவில் வரும். ஸ்கோப் என்றால் நல்ல அகலம், 2048க்கு 858 புள்ளி. ப்ளாட் என்றால் உயரம் கூடுதல், 1998க்கு 1080. இந்தத் தியேட்டரின் திரை ஸ்கோப்புக்குக் கட்டியது. ப்ளாட் படம் வந்தால் லென்ஸின் ஜூமைக் குறைத்து, உயரம் திரைக்குள் அடங்கும்படி வைக்க வேண்டும். இரு பக்கமும் வெறும் இடம் மிஞ்சும், அதைக் கருப்புத் துணி இழுத்து மூட வேண்டும். அவர்கள் ஜூமைத் தொடுவதே இல்லை. ஸ்கோப் ஜூமிலேயே ப்ளாட்டையும் ஓட்டினால் 1080 வரியில் 858 வரிதான் திரையில் விழும். மேலே 111, கீழே 111 வெளியே. படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு! திரைக்கு மேலே உள்ள கருப்புத் துணியை உற்றுப் பார்த்தால் மங்கலாக நெற்றியும் தலைமுடியும் ஆடுவது தெரியும். கீழே சப்டைட்டில் போச்சு. மலையாளப் படத்துக்கு வருகிறவர்கள் வசனம் புரியாமல் இடைவேளையில் முணுமுணுப்பது இதனால்தான். படத்தின் மீது தப்பே இல்லை.

பழைய படத்துக்கு இது இன்னும் கொடுமை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் ஸ்கோப்பில் எடுத்தவை அல்ல. கறுப்பு வெள்ளைப் படமென்றால் பெரும்பாலும் கிட்டத்தட்டச் சதுரச் சட்டம்; அதை ப்ளாட் சட்டத்துக்குள் இரு பக்கமும் கறுப்பு விட்டு அனுப்புவார்கள். ஒளிப்பதிவாளர் அந்த உயரத்தை நம்பித்தான் ஆட்களை நிறுத்தியிருப்பார். நாட்டியக் காட்சியில் பாதம் தெரியாவிட்டால் பார்த்து என்ன பயன்?

ஏன் மாற்றுவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஸ்கோப், ப்ளாட் இரண்டுக்கும் ஜூம், ஃபோகஸ் நிலைகளை ப்ரொஜெக்டரிலேயே பதிந்து வைக்கலாம். ப்ளேலிஸ்ட்டில் படத்துக்கு முன்னால் ஒரு கட்டளை சேர்த்தால் தானே மாறும். ஆனால் விளம்பரம் ஒரு சட்டம், டிரெய்லர் ஒரு சட்டம், படம் ஒரு சட்டம் என்று மாறி மாறி வரும்போது லென்ஸ் மோட்டார் ஒவ்வொரு தடவையும் ஓடும். சில நேரம் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பாமல் ஃபோகஸ் நழுவிவிடும். அதற்குப் பயந்து கட்டளையையே எடுத்துவிடுகிறார்கள். புதுப்படம் பெரும்பாலும் ஸ்கோப் என்பதால் யாரும் கவனிப்பதுமில்லை. தீர்வு எளிது: விளம்பரம், டிரெய்லரை எப்படியாவது போகட்டும், படம் தொடங்கும் முன் ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும். ஒரு நிமிட வேலை.

தியேட்டர் மீது பழி போடும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுவெளியீட்டுக்காரர்கள் சிலர் பழைய படத்தை ஸ்கோப்பாகவே வெட்டி அனுப்புவார்கள். துணியில் வெளிச்சம் வழியாமல், திரை முழுக்க நிறைந்து, அப்படியும் தலை வெட்டுப்பட்டால் அது பிரதியின் கோளாறு, ஆபரேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. துணியில் வெளிச்சம் வழிந்தால் தியேட்டரின் கோளாறு. முதலில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள்: மேல் வரியும் கீழ் வரியும் திரையில் இல்லையென்றால் அப்போதே எழுந்து போய் “அண்ணே, ப்ளாட்ல வைங்க” என்று சொல்லிவிடுங்கள். பாதிப் படத்தில் சொன்னால் மாற்ற மாட்டார்கள்.

அடுத்து வரும் படங்கள் பற்றியும் கேட்டிருந்தார். போர்டில் ‘வெள்ளி முதல்’ என்று இருப்பதை நம்பி வியாழக்கிழமையே மண்டபத்திலிருந்து கிளம்ப ஏற்பாடு செய்ய வேண்டாம். படத்தின் பிரதி முன்னாடியே வந்துவிடும், அதைத் திறக்கும் கீ, அதாவது டிஜிட்டல் சாவி, தனியாக வர வேண்டும். அந்த கீ அந்த சர்வருக்கு மட்டும், குறித்த நாள் நேரத்துக்கு மட்டும் செல்லும். விநியோகஸ்தரோடு கடைசி நேரத்தில் பேச்சு முடிந்தால் கீயும் கடைசி நேரத்தில்தான். வெள்ளி முதல் காட்சி தள்ளிப்போனால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மேட்னிக்கே கூட்டம் வரும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் ஆட்டம் முடிந்து கீழக்கரை, மண்டபம் போகிறவர்கள் பஸ்ஸை நம்ப வேண்டாம்.

ஐந்துக்கு எத்தனை என்றால் இரண்டுதான். வெளிச்சம், ஒலி, விலை எல்லாம் கூட்டினால் நான்குக்குக் குறையாது, தெரியும். ஆனால் இவ்வளவு செலவு செய்து லேசர் வைத்தவர்கள் ஒரு பட்டனைத் தட்ட மறுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஸ்கோப் புதுப்படத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு, டிக்கெட் எடுக்கும் முன் கவுன்டரில் “படத்துக்கு லென்ஸ் மாத்துவீங்களா?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மதுரைக்கு பஸ் ஏறிவிடுங்கள்.